கடுமையான பாவனை

கண்ணாடி மூலையில் சியாத் ஒட்டிய ஸ்ரிக்கர்
நாற்பத்தோராயிரம் என்கிறது.
மீற்றர் அதைத் தாண்டி அறுநூறு ஓடிவிட்டது.
காத்தான்குடிக்குப் போக நினைக்கும் கிழமையெல்லாம்
டெங்கு வருகிறது,
நான் களுவாஞ்சிகுடி ஆய்வுகூடத்தில்
சிறுதட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஐயாயிரத்துக்கு மேல் ஒரு அடியும் ஓடாதீங்க என்பது சியாத்.
"இப்பத்த ஒயில் பழைய ஒயில் இல்ல அக்கா,
பத்தாயிரம் தாங்கும், அவருக்கு உங்கட காசு வேணும்"
என்பது டோகாவிலிருந்து தம்பி நிரோஜன்.
போன தடவை குச்சியை இழுத்துத் துணியில் துடைத்து
"கறுத்துப் போச்சு மிஸ்" என்றார் சியாத்,
மரண அறிவித்தல் வாசிக்கிற குரலில்.

நிறம் பார்த்து நோய் சொல்லலாமென்றால்
எனக்கு எதற்குச் சம்பளம்?
அழுக்கைத் தன்மேல் வாங்கிக்கொள்வதுதான் அதற்கு வேலை.
கறுக்காத ஒயிலைத்தான் சந்தேகிப்பேன்.

கிலோமீற்றரும் நல்ல சாட்சி இல்லை.
பற்றரியிலும் ஓடுகிற கார் இது.
சந்தைச் சனத்துக்குள் ஊர்கையில் எஞ்சின் உறங்கும்,
மீற்றர் எண்ணும்.
மகளின் ரியூசன் முடியும்வரை மழைக்குள் ஏசி போட்டிருந்தேனே,
எஞ்சின் உழைத்தது,
ஒரு இலக்கமும் அசையவில்லை.

"ஸ்பனர் படம் ஒண்டு எரியும் மிஸ், அப்ப மாத்துங்க"
என்றாள் தாதி சுபாஜினி.
அந்த விளக்கு ஒயிலைத் தொட்டதே இல்லை, பிள்ளை.
கணக்குப் போட்டு ஊகிக்கிறது.
மாதிரி எடுக்காமல் அறிக்கை எழுதினால்
என்னை நாளைக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள்.

நேற்று இரவுக் கடமை.
குச்சி நுனியிலிருந்து ஒரு துளி வடிதாளில் விட்டு
நோயாளி பெயர் எழுதும் இடத்தில் கார் இலக்கம் எழுதினேன்.
மூன்று காய்ச்சல், ஒரு பாம்புக்கடி.
இருபது நிமிடம் கழித்துக் குழாயைச் சரித்தால்
இரத்தம் உறைந்திருந்தது.
வெளியே நின்ற சனம் அதைக் கேட்டுத்தான் அழுதது.

விடியப் பார்க்கத் துளி விரிந்திருந்தது.
நடுவில் சாம்பல், சுற்றிவர மங்கிய மஞ்சள்.
இன்னும் சுமக்கிறது, சரி.
மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன்.
பெற்றோல்.

கைநூல் யப்பானிய மொழி,
கப்பலால் இறங்கிய நாளிலிருந்து யாரும் திறக்காதது.
தொலைபேசியை மேலே பிடிக்க
எழுத்துகள் நடுங்கி நடுங்கித் தமிழாகின.
சாதாரண பாவனை: பதினைந்தாயிரம்.
கடுமையான பாவனை: அதில் பாதி.
கடுமை என்றால் உகந்தைக் காட்டுப்பாதை,
வெள்ளத்துக்குள் விட்டு எடுத்த வாகனம்
என்றுதான் கீழே வாசித்துக்கொண்டு போனேன்.
மலை இருந்தது. சேறும் இருந்தது.
கடைசி வரி:
எட்டுக் கிலோமீற்றருக்குக் குறைந்த பயணங்கள்,
திரும்பத் திரும்ப.

பெரியகல்லாற்றிலிருந்து வேலைக்கு ஆறு.
பாலம் ஏறி இறங்கி ஓந்தாச்சிமடம் கழிய,
அது சூடேறுமுன் நிறுத்திவிடுகிறேன்.
எரியாத பெற்றோலும் ஈரமும் ஒயிலுக்குள் இறங்கி
ஆவியாக நேரமில்லாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன.
பதினொரு வருஷமாக இந்த ஆறு கிலோமீற்றரை
"வீட்டுக்குப் பக்கத்தில வேலை, குடுத்து வச்ச நீ"
என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.
நானும் சொன்னேன்.

வீட்டுக்குப் போகாமல் வடக்கே திருப்பினேன்.
சியாத்தின் கராஜ் வரைக்கும் இருபது சொச்சம்.
வருஷத்தில் இந்தப் பயணத்தில்தான் அது முழுதாய்ச் சூடாகிறது,
மாற்றப்படுவதற்காக.
"கறுத்துப் போச்சு மிஸ்."
"தெரியும். ஊத்துங்க."
புது ஸ்ரிக்கரில் எத்தனை எழுத என்று கேட்டார்.
இலக்கம் வேண்டாம், மாதத்தை எழுதுங்க என்றேன்.
ஆறு மாதம். கையைத் துடைத்துக்கொண்டு
என்னை ஒருமாதிரிப் பார்த்தார்,
எழுதினார்.

திரும்பி வரும்போது வீட்டு ஒழுங்கை வந்தது.
சிக்னலைப் போட்டேன்.
அணைத்தேன்.
எஞ்சினுக்கு நல்லது என்று
கல்முனை தாண்டும்வரை ஓடினேன்.